ஓட்டை வேறு, ஒழுகல் வேறு

கூரைத் தகடு விற்கும் ஒரு கம்பெனியின் வாரண்டி பிரிவில் எனக்கு வேலை. ஆபீஸ் பெங்களூரில், ஒயிட்ஃபீல்டு பக்கம். வீட்டுக் கூரையில் ஏதோ கோளாறு என்று வாடிக்கையாளர்கள் போன் செய்வார்கள். அது வாரண்டியில் வராது என்று நான் சொல்வேன். வருகிற சமயங்களும் உண்டு. அபூர்வம் என்பதால் அன்றைக்கு மதியச் சாப்பாட்டின்போது அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம்.

கே.ஜி.எஃப். என்கிற தங்கச் சுரங்க ஊர்க்காரி என்பதால்தான் இந்த வேலை கிடைத்தது என்று நினைக்கிறேன். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் சரளம். இந்தியைச் சமாளித்துவிடுவேன். நாலு மொழியில் 'வராது' என்று சொல்லத் தெரிந்த ஆள் ஒரே சம்பளத்துக்குக் கிடைப்பதை எந்தக் கம்பெனியும் விடாது. காலையில் எங்கள் ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் திரும்பி வந்து இறங்குவேன். எங்கள் பெட்டியில் பாதிப் பேர் இப்படித்தான். யாராவது ஒருவருக்கு எதையாவது விளக்கிவிட்டு வருகிறவர்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில் எங்களுக்குப் பாடம் எடுத்தார்கள். ஒரு கூரைக்கு இரண்டு வாரண்டி. தகட்டுக்குக் கம்பெனி தருவது ஒன்று. அதை வீட்டில் பொருத்துகிறவர் தன் வேலைக்குத் தருவது இன்னொன்று. கம்பெனி தருவதிலும் இரண்டு பங்கு. பெயின்ட் உரிந்தால் ஒன்று, தகடு துருப்பிடித்துத் தானாக ஓட்டை விழுந்தால் மற்றொன்று. இந்தத் 'தானாக' என்ற சொல்லை எங்களுக்குப் பாடம் எடுத்தவர் பலகையில் எழுதி அடிக்கோடு போட்டார். மற்றபடி மழை பெய்து வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் அது பொருத்தியவர் பொறுப்பு. அவர் எழுதிக் கொடுத்திருந்தால் அவரிடம் கேட்கலாம். பெரும்பாலும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார். பெரும்பாலும் போனையும் எடுக்க மாட்டார்.

அதனால் எனக்கு வரும் அழைப்புகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்.

"மேடம், வீடு ஒழுகுதுங்க."

"தகட்டில் ஓட்டை இருக்கிறதா சார்?"

"ஓட்டை இல்லீங்க. ஒழுகுது."

"ஓட்டை விழுந்திருந்தால் எங்கள் பொறுப்பு சார். ஒழுகல் எங்கள் வாரண்டியில் வராது."

பிறகு, "ஓட்டை இல்லாம எப்படிங்க ஒழுகும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தகட்டை இரும்புச் சட்டத்தோடு சேர்க்க ஸ்க்ரூ போடுகிறார்கள். ஸ்க்ரூ இறங்கும் இடம் ஓட்டைதான், ஆனால் அது கம்பெனி ஓட்டை அல்ல, போட்டவர் ஓட்டை. இதை எந்த மொழியில் சொன்னாலும் கேட்கிறவர்களுக்கு ஆறுதலாக இருப்பதில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் ஊரிலேயே பாலகாட் பக்கம் ஒரு மனை வாங்கி வீடு கட்டினோம். அவர் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. மாஸ்டர். விசில் ஊதுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் யோசித்து மெதுவாகச் செய்கிறவர். வாங்குகிற பொருள் எதுவானாலும் அதன் வாரண்டி அட்டையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார். மிக்ஸி, மின்விசிறி, குக்கர், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றின் அட்டைகளும் ஒரு பிஸ்கட் டப்பாவில் வாங்கிய வரிசைப்படி இருக்கின்றன. கல்யாணமான புதிதில், என் வேலையைக் கேள்விப்பட்டுத்தான் என்னைப் பிடித்ததோ என்று எனக்குச் சந்தேகம் இருந்தது.

காங்கிரீட் கூரை பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்கு இரும்புச் சட்டம் அடித்து மேலே கலர் தகடு போடலாம் என்று முடிவானது. எங்கள் கம்பெனித் தகடுதான் போட வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். செங்கல் நிறத்தில் எடுத்தோம். போடுகிற வேலை என் தம்பிக்கு. ஆண்டர்சன்பேட்டையில் அவனுக்கு வெல்டிங் கடை. கேட், கிரில், ஷெட் எல்லாம் செய்வான். ஸ்கெலட்டன் என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், லைன் வீட்டில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். கூலி வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டான்.

கூரை வேலை பாதி நடந்துகொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் ஒரு தாளோடு வந்தார். பள்ளிக்கூட ஆபீசில் டைப் அடித்தது. தம்பி ஏணியிலிருந்து இறங்கி அதை வாங்கிப் பார்த்தான்.

"இன்னா மாமா இது?"

"இன்ஸ்டாலேஷன் வாரண்டி. கீழ ஒரு கையெழுத்து போட்டா போதும்."

"யாருக்கு?"

"எங்களுக்குத்தான்."

தம்பி கையிலிருந்த ட்ரில்லைக் கீழே வைத்தான். "எங்கக்கா வூட்டுக்கு நான் எழுதிக் குடுக்கணுமா? ஒழுகுனா ஒரு போன் பண்ணுங்க, வர்றேன். பண்ணலன்னாலும் வர்றேன்."

"அது எனக்குத் தெரியும்பா. ஆனா எழுத்துல இருந்தா ரெண்டு பேருக்கும் நல்லது."

"எங்கக்காவ உங்களுக்குக் குடுக்கும்போது எங்கப்பா எதுனா எழுதி வாங்குனாரா?"

என் வீட்டுக்காரர் யோசித்தார். "ரிஜிஸ்டர் பண்ணோமே," என்றார்.

அதற்கு மேல் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இந்த விஷயத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு பேசுகிறவள் அங்கே நான் ஒருத்திதான். தொட்டியில் தண்ணீர் நிரம்பிவிட்டதா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் பின்பக்கம் போனேன். திரும்பி வந்தபோது தாள் அவர் சட்டைப்பையில் நாலாக மடிந்திருந்தது. தம்பி மேலே ஏறியிருந்தான். அன்று முழுவதும் அவன் ட்ரில் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பௌத்தர்களான எங்கள் குடும்பங்களில் புதுமனை புகுவிழாவுக்கு ஹோமம் கிடையாது. பிக்கு வருவார், பஞ்சசீலம் சொல்வோம், பிறகு சாப்பாடு. வந்திருந்த பிக்கு நல்ல தமிழில் கொஞ்ச நேரம் பேசினார். தோன்றிய எதுவும் நிலைப்பதில்லை, இந்தச் சுவர், இந்தக் கூரை, இதற்குக் கீழே உட்கார்ந்திருக்கும் நாம், எல்லாம் மாறிக்கொண்டே இருக்கிறோம் என்றார். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக் கை கூப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். கூரைத் தகட்டுக்கான வாரண்டி அட்டை லேமினேட் செய்யப்பட்டு அவர் சட்டைப்பையில் இருந்தது. சாப்பாட்டின்போது அதைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டினார். தம்பி சாம்பார் வாளியோடு பந்தியில் வந்துகொண்டிருந்தான். மாமா இலைக்கு வந்ததும் வாளியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் எடுத்து வரப் போனான். அடுத்த இலைக்குத் திரும்பி வந்துவிட்டான்.

கோடை மழை வந்தது. காற்றும் இடியுமாகச் சாயங்காலங்களில் கொட்டியது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. தகட்டின் மேல் மழை விழும் சத்தத்தில் டி.வி. கேட்காது, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு மழைக்கும் டார்ச் அடித்து அறை அறையாக மேலே பார்த்துவிட்டு வருவார். எதுவும் இல்லை என்றதும் அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதிதானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

தசரா லீவில் ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது ஃப்ரிட்ஜ் மேல் ஒரு எட்டாம் நம்பர் ஸ்பேனர் இருந்தது. பள்ளிக்கூடத்துக் கேரம் போர்டு ஸ்டாண்டுக்குப் போடுவது என்றார் வீட்டுக்காரர். அது ஏன் நம் வீட்டுக்கு வந்தது என்று நான் கேட்கவில்லை. ரயிலில் நின்றுகொண்டே வந்த நாள் அது.

அதற்குப் பிறகு ஐப்பசி மழை பிடித்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் அவர் கட்டிலில் படுத்திருந்தார். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. கண்ணைத் திறந்தார். தலையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு அடுத்தது எங்கே விழுகிறது என்று பார்த்தார். தலையணையில் விழுந்தது. சமையலறையிலும் டப் டப்பென்று சத்தம் கேட்டது. நான் பாத்திரம் எடுத்து வைத்தேன்.

"தகட்டுல ஓட்டை விழுந்திருக்கும்," என்றார்.

"ஒரு வருஷத்துல ஓட்டை விழாது. இது ஒழுகல்."

"நீ மேல ஏறிப் பார்த்தியா?"

"தம்பிக்குப் போன் பண்றேன்."

"வேணாம். முறைப்படி போகலாம்."

முறை என்றால் என்ன என்று எனக்கு மறுநாள் தெரிந்தது. எங்கள் ஆபீசில் தமிழ் அழைப்புகளுக்கு இரண்டு பேர். இன்னொருத்தி பிரசவ விடுப்பில் இருந்தாள். பதினோரு மணி டீக்கு முன்னால் எனக்கு ஒரு அழைப்பு வந்தது.

"வணக்கம் மேடம். வீட்டுக் கூரை விஷயமா ஒரு புகார்."

காலையில்தான் என்னை ஸ்கூட்டரில் கொண்டுவந்து ரயில் ஏற்றிவிட்ட குரல் அது. எங்கள் அழைப்புகள் எல்லாம் பதிவாகும். மேலதிகாரிகள் அவ்வப்போது எடுத்துக் கேட்பார்கள். சொந்தப் பேச்சு பேசக் கூடாது. தன் அம்மாவிடம் ராத்திரிக்கு என்ன குழம்பு என்று கேட்ட ஒரு பெண்ணுக்கு அப்போதுதான் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள்.

"சொல்லுங்க சார். எந்த ஊர்?"

"கே.ஜி.எஃப்., மேடம். பாலகாட்."

"வாரண்டி பதிவு எண் இருக்கிறதா சார்?"

மனப்பாடமாகச் சொன்னார்.

"தகட்டில் ஓட்டை இருக்கிறதா?"

"அதைப் பார்க்கிறவங்க வந்து பார்த்தாதான் தெரியும் மேடம்."

"பொருத்தியவர் யார் சார்?"

"என் மச்சான்."

"அவரிடமிருந்து எழுத்து மூலமாக வாரண்டி வாங்கியிருக்கிறீர்களா?"

"கேட்டேன் மேடம். தரல."

"ஏன் தரவில்லை என்று சொன்னாரா?" இந்தக் கேள்வி எங்கள் கையேட்டில் கிடையாது. வாயிலிருந்து வந்துவிட்டது.

"குடும்பத்துக்குள்ள கேக்கக் கூடாதுன்னு சொன்னாரு. அவரோட அக்கா அங்கதான் இருந்தாங்க. அவங்க ஒண்ணும் சொல்லல."

நான் டைப் செய்தேன். புகார் பதிவாகிவிட்டது, ஆள் வந்து பார்ப்பார் என்று சொல்லிவிட்டு, "வேறு ஏதாவது உதவி வேண்டுமா சார்?" என்று கேட்டேன். அது கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி.

"வீட்டுல சர்க்கரை தீர்ந்துடுச்சு மேடம்."

"குறித்துக்கொள்கிறேன் சார்," என்றேன்.

அந்த மாதம் அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் போட்டவர்கள் இந்த அழைப்புக்கு எனக்கு நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள். வாடிக்கையாளரிடம் பொறுமை என்ற தலைப்பில். அதற்கு முன்பே, இது என் சொந்த வீடு என்று மேலதிகாரியிடம் சொல்லியிருந்தேன். அவர் அதற்கென்ன, கூரை எல்லாருக்கும் கூரைதானே என்று ஆய்வுக்கு ஒருவரை அனுப்ப ஏற்பாடு செய்தார்.

தம்பிக்கு நான் சொன்னேன். சொல்ல வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். ஆனால் ஆய்வுக்கு ஆள் வந்த பிறகு தெரிந்தால் அவன் என்னிடம் எப்படிப் பேசுவான் என்று எனக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை காலை கம்பெனி ஆள் வருவதற்கு முன்பே அவன் பைக் வாசலில் நின்றது.

"ஒழுகுதுன்னா மொதல்ல கம்பெனிக்குத்தான் சொல்லணுமா?" என்றான்.

"உங்க மாமாவைக் கேளு."

அவன் கேட்கவில்லை. இன்னொரு விஷயமும் எனக்குத் தெரிந்திருந்தது. வாடிக்கையாளர்கள் நல்ல ஆள் யார் என்று கேட்டால் சொல்வதற்காக எங்கள் கம்பெனி ஒவ்வொரு ஊரிலும் பொருத்துநர்களைத் தேர்ந்தெடுத்து வைக்கும். தம்பி அதற்கு மனு போட்டிருந்தான். ஒரு வீட்டில் இவன் வேலையில் குறை என்று ஆய்வில் வந்துவிட்டால் அந்த மனு அங்கேயே நின்றுவிடும்.

வந்தவர் கோலார்ப் பக்கத்துக் கன்னடக்காரர். எங்களுக்காகத் தமிழில் பேசினார். வேலையில் மூழ்கியதும் கன்னடத்துக்குப் போய்விட்டார். முதலில் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பின்னால் தெரிந்த சாம்பல் நிற மேட்டைக் காட்டி, "அந்த பெட்டா ஏனு?" என்று கேட்டார். அது என்ன மலை என்கிறார்.

"மலை இல்லீங்க, சைனைடு டம்ப்," என்றான் தம்பி உடனே. தங்கம் பிரித்தெடுத்த பிறகு சுரங்கத்தார் கொட்டிய கழிவு மண் அது.

என் வீட்டுக்காரர் அவனைப் பார்த்தார். ரசாயனத் தூசு படும் இடங்களில் வாரண்டி பொருந்தாது என்று அட்டையின் பின்பக்கம் இருப்பதை அவர் அறிவார். "இப்ப மேல புல் மொளைச்சிடுச்சு," என்றார். வந்தவர் இரண்டையும் எழுதிக்கொண்டார்.

பிறகு ரப்பர் அடி வைத்த ஷூ மாற்றிக்கொண்டு ஏணியில் ஏறினார். தம்பியும் ஏறினான். என் வீட்டுக்காரர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பின்வாசலில் நின்றேன். மேலே இரண்டு பேரும் முட்டி போட்டு நகரும் சத்தம் கேட்டது.

"ஷீட் சென்னாகிதெ மேடம்," என்று மேலிருந்து குரல் வந்தது. தகடு நன்றாக இருக்கிறதாம். "ஓட்டை இல்லை, துரு இல்லை, பெயின்ட் புதுசு போலவே இருக்குது."

நான் தலையாட்டினேன். என் கம்பெனித் தகட்டைப் பற்றி நல்ல வார்த்தை கேட்டு இவ்வளவு வருத்தப்பட்டது அதுவே முதல் தடவை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கூரை விளிம்புக்கு வந்து உட்கார்ந்து விளக்கினார். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் அடியில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அதுதான் தண்ணீரை நிறுத்துவது. ஸ்க்ரூவை அளவாக இறுக்கினால் ரப்பர் லேசாகப் பிதுங்கி ஓட்டையை மூடிக்கொள்ளும். அளவுக்கு மேல் இறுக்கினால் நசுங்கி வெடித்துவிடும், அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கும். கூரை முழுக்க ஸ்க்ரூக்கள் சரியாக இருக்கின்றன. படுக்கையறைக்கும் சமையலறைக்கும் மேலே இரண்டு வரிசையில் மட்டும் எல்லா ரப்பரும் வெடித்திருக்கின்றன.

"இது மெஷின்ல இறுக்கினது இல்லை," என்றார். "ஸ்க்ரூ தலையில எல்லாம் ஸ்பேனர் மார்க். யார் ஸ்பேனர் போட்டது?"

தம்பி மேலிருந்து குனிந்து கீழே பார்த்தான். நானும் பார்த்தேன். ஏணியில் அப்போது யாரும் இல்லை. ஆனாலும் என் வீட்டுக்காரர் அதை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்," என்றான் தம்பி. "லூசா இருக்கப்போவுதுன்னு இறுக்குனேன்."

"கூரை வேலை பண்றவரு நீங்க. இது தெரியாதா?"

"தெரியாம பண்ணிட்டேன் சார்."

நான் உள்ளே போய் ஃப்ரிட்ஜ் மேல் பார்த்தேன். ஸ்பேனர் அங்கே இல்லை. கேரம் போர்டு ஸ்டாண்டுக்குத் திரும்பிப் போயிருந்தது போலும். காபி போட்டேன். வந்தவர் குடித்துவிட்டு, பொருத்தியதில் உள்ள குறை என்று எழுதி, தம்பியிடமும் என் வீட்டுக்காரரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார். அந்த இடத்தில் தம்பி எந்தத் தயக்கமும் இல்லாமல் கையெழுத்துப் போட்டான்.

மனதில் முதலில் வந்தது கோபம்தான். அதுவும் தம்பி மேல். கேட் வரை அவன் பின்னாலேயே போனேன்.

"ஏன்டா அப்படிச் சொன்ன? உன் பேருதான் ரிப்போர்ட்ல போவுது."

"வுடுக்கா. மாமா அந்தாளு முன்னாடி இன்னா பண்ணுவாரு? ஸ்கூல் வாத்தியாரு. அசிங்கமா போயிடும்."

"உனக்கு?"

"நான் வெல்டிங் கடைக்காரன். எனக்கு இன்னா."

ரப்பர் வாஷரும் கொஞ்சம் தடித்த புது ஸ்க்ரூக்களும் எடுத்துக்கொண்டு அரைமணியில் திரும்பி வந்தான். பழைய ஓட்டையில் அதே அளவு ஸ்க்ரூ போட்டால் பிடிக்காது என்பதால் தடித்தவை. என் வீட்டுக்காரர் சாப்பிடக்கூட உள்ளே வராமல் ஏணியடியிலேயே நின்றார். பிறகு அவராகவே நாலு படி ஏறி, ஸ்க்ரூவை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். தம்பி வாங்கிப் போட்டான். இப்படி ஒரு வரிசை பேச்சில்லாமல் முடிந்தது.

இரண்டாவது வரிசையில் தம்பி சொன்னான். "மாமா, ரப்பர் லேசா பிதுங்கும் பாருங்க. அதோட நிறுத்திடணும்."

"ம்."

"கைக்கு நல்லா வருதேன்னு இன்னும் அரை சுத்து சுத்தக் கூடாது."

"அட்டையில போட்டிருந்துச்சு," என்றார் அவர். "வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்க்ரூ எல்லாம் பார்க்கணும்னு."

"பார்க்கணும்னுதான மாமா போட்டிருக்கும்?"

அவர் கையில் ஒரு ஸ்க்ரூவை வைத்துக்கொண்டு யோசித்தார். "ஆமா," என்றார். "பார்க்கணும்னுதான் போட்டிருக்கு."

அன்று சாயங்காலம் தம்பி போன பிறகு நான் கேட்காமலே அவராகச் சொன்னார். தசரா லீவில் பக்கத்து வீட்டு ஏணி வாங்கி ஏறியிருக்கிறார். இரண்டு வரிசை முடிந்ததும் வெயில் தாங்காமல் இறங்கிவிட்டார். மீதியை இன்னொரு நாள் செய்யலாம் என்று இருந்தாராம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உன் தம்பி வேலையில எனக்கு நம்பிக்கை இல்லன்னு நீ நெனைப்ப."

"நம்பிக்கை இருந்துச்சா?"

"இல்ல," என்றார். பொய் சொல்லத் தெரியாதவர். கேட்டால் சொல்லிவிடுவார், மேலிருந்து ஒரு குரல் பொதுவாகக் கேட்டால்தான் முருங்கை மரத்தைப் பார்ப்பார்.

அந்த ரிப்போர்ட் ஆபீசில் என் மேசைக்கு வந்தது. முடிவை வாடிக்கையாளருக்குப் போனில் தெரிவிக்க வேண்டும். வேறு யாராவது செய்யட்டும் என்று மேலதிகாரியிடம் கேட்டேன். தமிழுக்கு வேறு ஆள் இல்லையே என்றார். பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடிக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது.

"உங்கள் கூரையை ஆய்வு செய்ததில் தகட்டில் குறை ஏதும் இல்லை சார். பொருத்தியதில் உள்ள குறையால் ஒழுகல் ஏற்பட்டிருப்பதால் இது எங்கள் வாரண்டியில் வராது," என்று வாசித்தேன். எத்தனையோ பேருக்கு வாசித்த வரிகள். அன்றைக்குத்தான் வாசிக்க இவ்வளவு நேரம் ஆனது.

"மேடம், அதுல ஒரு திருத்தம்."

"சொல்லுங்க சார்."

"பொருத்தினவர் மேல தப்பு இல்ல. அவரு சரியாத்தான் போட்டிருந்தாரு. அப்புறம் நான் ஏறி இறுக்கிட்டேன். ஸ்பேனர்கூட அவரோடது இல்ல, ஸ்கூலோடது. அன்னைக்கு அவரு எனக்காகச் சொன்னாரு." நிறுத்தினார். "இது பதிவாகுதுல்ல?"

"ஆகுது சார்."

"ஆகட்டும்."

கையேட்டில் இதற்குப் பதில் எதுவும் கிடையாது. "அப்படியானால் இது வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம் என்ற பிரிவில் போகும் சார். அந்த இரண்டு வரிசைத் தகட்டுக்கும் இனி வாரண்டி கிடையாது. சம்மதமா?" என்று கேட்டேன். அந்த அட்டையை அவர் எப்படி வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

"சம்மதம் மேடம்."

"வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

"இல்ல மேடம்," என்றார். யாரையோ பார்த்து விசில் ஊதிவிட்டுப் போனை வைத்தார்.

ரிப்போர்ட்டை மாற்ற மேலதிகாரி அந்தப் பதிவைக் கேட்டார். முழுவதும் கேட்டுவிட்டு, கூரையைக் கெடுத்தது நான்தான் என்று ஒரு வாடிக்கையாளர் தானாகவே சொல்லி இதுவரை கேட்டதில்லை என்றார். இதைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தம்பியிடம் இதை நான் சொல்லவில்லை, அவரும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அவனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அடுத்த தடவை வீட்டுக்கு வந்தபோது மாமாவுக்கு என்று தனியாக ஆப்பிள் வாங்கி வந்தான்.

மழை முடிவதற்குள் கம்பெனியிலிருந்து அவனுக்குச் சேதி வந்தது. அவனைப் பொருத்துநராக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இனி வேலை செய்யும் ஒவ்வொரு வீட்டுக்கும் எழுத்து மூலமாக வாரண்டி தர வேண்டும். அதற்கு ஒரு மாதிரி எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஒரு சாயங்காலம் மழையில் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தான். வீட்டுக்குள் எங்கும் பாத்திரம் வைக்க வேண்டியிருக்கவில்லை.

"நீங்கதான் எழுதித் தரணும் மாமா. எனக்கு இதெல்லாம் வராது."

என் வீட்டுக்காரர் வெள்ளைத் தாளும் ஸ்கேலும் எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். தம்பிக்குத் தட்டு வைத்தேன்.

"எத்தனை வருஷம் போடலாம்?" என்றார்.

"எல்லாரும் இன்னா போடறாங்க?"

ஒரு வருஷம் போடுவார்கள், நல்ல ஆட்கள் இரண்டு போடுவார்கள் என்றேன்.

"வருஷம் வேணாம் மாமா. ஒழுகுனா வருவேன்னு போடுங்க."

"அப்படிப் போட்டா செல்லாதுப்பா."

"செல்லலன்னா இன்னா. வந்துடுவேன்ல."

இரண்டு வருஷம் என்று எழுதினார். தம்பி ரசம் கேட்டான். ஊற்றினேன். எழுதி முடித்ததும் அவன் இடது கையால் தாளை இழுத்துக் கையெழுத்துப் போடப் போனான்.

"படிச்சுட்டுப் போடணும்."

"நீங்க எழுதுனதுதான மாமா."

அதை அவரால் ஏற்க முடியவில்லை. தாளைத் திரும்ப வாங்கி, தலைப்பிலிருந்து உரக்கப் படித்துக் காட்ட ஆரம்பித்தார். தம்பி தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எவையெல்லாம் இதில் அடங்கும் என்ற பகுதி முடிந்து, எவையெல்லாம் அடங்காது என்ற பகுதிக்கு வந்தார். வீட்டு உரிமையாளர் தாமாகக் கூரை மேல் ஏறி ஸ்க்ரூக்களை இறுக்கினால் இந்த உத்தரவாதம் செல்லாது என்று வாசித்தார்.

தம்பி தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "அது வேணாம் மாமா."

"இருக்கட்டும்பா," என்றார். "ஆளுங்க செய்வாங்க."